பதினோராம் மாடித் தொட்டில்

பிள்ளை இல்லாத வெறுந்தொட்டிலை ஆட்டக் கூடாது. நம் வயதுக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆட்டினால் பிள்ளைக்கு வயிறு வலிக்கும், பால் இறங்காது, வீரிட்டு அழும் என்று உங்கள் வீட்டிலும் சொல்லித்தான் வளர்த்திருப்பார்கள். காலித் தொட்டிலைத் தாண்டும்போது பாவாடை நுனிகூட அதில் படாமல் ஒதுங்கித்தான் போயிருப்பீர்கள். இப்போதுள்ள பெண்களிடம் சொன்னால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். எங்கள் வீட்டில் அந்த ஒரு பேச்சினால் ஒருத்தி பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனாள். அவள் என் அத்தை, அப்பாவின் அக்கா. அவள் உண்மையிலேயே தொட்டிலை ஆட்டினாளா என்பதைத்தான் சொல்ல வந்தேன். நிதானமாகத்தான் சொல்லுவேன். எனக்கே இதில் பல இடங்கள் கலங்கிக் கிடக்கின்றன.

எனக்கு அப்போது ஒன்பது வயது இருக்கும். அதுவரை பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குவாட்டர்ஸில் இருந்தோம். தரையோடு தரையாக வீடு. ரயில் போனால் அலமாரியில் மங்குத் தட்டுகள் கிணுகிணுக்கும். அது நின்றால்தான் எங்களுக்கு என்னவோ போல இருக்கும். அப்பா ரயில்வே வேலையை விட்டுவிட்டு லோரி ஓட்டப் போனார். குவாட்டர்ஸைக் காலி செய்ய வேண்டியதாயிற்று. கோலாலம்பூரிலேயே புதிதாக மாடி மேல் மாடியாகக் கட்டிய ஃப்ளாட்டில் வீடு கிடைத்தது. பதினோராவது மாடி. பள்ளிக்கூடம் தூரமாகிவிட்டது, கொண்டுபோய் விட ஆள் இல்லை. அதோடு என் படிப்பு மூன்றாம் வகுப்பில் நின்றது. அதுவரை படித்ததை வைத்துத்தான் இன்றுவரை எழுதுகிறேன். யாரிடமும் போய் எழுதித் தரச் சொன்னதில்லை.

குவாட்டர்ஸ் பெண்கள் எங்களை வழியனுப்பவே பயந்தார்கள். "அவ்ளோ உயரத்துல எப்படிலா தூங்குவீங்க? புரண்டு படுத்தா கீழதான்" என்றாள் ஒருத்தி. அம்மாவுக்கு முகம் வெளிறிவிட்டது. அத்தைதான் சிரித்தாள். "கீழ விழுந்தா உங்க வீட்டு மேலதான் விழுவோம். பாய் போட்டு வைங்க" என்றாள்.

அத்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்போது அவளுக்கு முப்பது வயது. ஜெஞ்சாரோம் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் கட்டிக் கொடுத்தார்கள். பிள்ளை இல்லை என்று புருஷன் கொண்டுவந்து விட்டுவிட்டு வேறு ஒருத்தியைக் கட்டிக்கொண்டான். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அத்தை எங்களோடுதான். என் தலையில் எண்ணெய் வைத்தவள், பேன் பார்த்தவள், எனக்குக் காய்ச்சல் வந்தால் பக்கத்தில் படுத்தவள் எல்லாம் அவள்தான். அவளிடம் கார்பாலிக் சோப்பு வாசமும் வறுத்த மிளகாய் வாசமும் சேர்ந்து வரும். அந்த வாசம் இப்போது எந்தக் கடையிலும் இல்லை.

தம்பி பிறந்தது புது வீட்டுக்கு வந்த பிறகு. அப்பா பாசாரில் ஒரு ஸ்பிரிங் வாங்கிவந்தார். நம் ஊர்த் தொட்டில் உங்களுக்குத் தெரியும். மேலே கொக்கி, கொக்கியில் ஸ்பிரிங், ஸ்பிரிங்கில் சேலை. கயிற்றைப் பிடித்து இழுத்துவிட்டால் மேலும் கீழுமாகத் துள்ளும். ஙொய்க், ஙொய்க் என்று சத்தம் வரும். அந்தச் சத்தம் இருந்தால்தான் தம்பி தூங்குவான். அந்தச் சிமெண்டுக் கூரையில் கொக்கி இறங்கவில்லை. அப்பா வியர்த்துக் கொட்ட அடித்து இறக்கினார். அத்தை தன்னுடைய ஊதாக்கரை சேலையைக் கட்டித் தொட்டில் போட்டாள். கயிறு பெரும்பாலும் அத்தை கையில்தான் இருக்கும். யாராவது விருந்தாளி வந்தால் மட்டும் அம்மா எழுந்து வந்து அந்தக் கயிற்றை வாங்கிக்கொள்வாள். அத்தை டீ போடப் போவாள். அன்று அதைப் பார்த்தேன்; புரிந்தது பிறகுதான்.

அந்த வீட்டில் எதுவும் ஓரிடத்தில் நிற்கவில்லை. பக்கத்தில் இன்னொரு கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. பெரிய இரும்புச் சம்மட்டி ஒன்று நாள் முழுக்கத் தூணை மண்ணுக்குள் அறைந்துகொண்டிருக்கும். டொம், டொம். சாமிப் படங்கள் கோணிக்கொள்ளும். அம்மா விளக்கு ஏற்றும்போது ஒவ்வொன்றாக நேராக்குவாள். காற்று அடித்தால் கதவு தானாகச் சாத்திக்கொள்ளும். லிப்டு எங்கள் மாடியில் நிற்காது. மேல் மாடியில் இறங்கி ஒரு படிக்கட்டு நடந்து வர வேண்டும். இறங்கியதும் கொஞ்ச நேரம் கால் மிதப்பது போல இருக்கும். ஆக, ஏதாவது ஆடினால் சம்மட்டி என்போம், கதவு அறைந்தால் காற்று என்போம், தலை சுற்றினால் லிப்டு என்போம். எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் தயாராக இருந்தது.

அன்று அம்மா தம்பியைத் தூக்கிக்கொண்டு ஊசி போட கிளினிக்குக்குப் போயிருந்தாள். மத்தியான நேரம். சம்மட்டிக்காரர்கள் சாப்பிடப் போய்விட்டார்கள். அந்த அமைதி காதை அடைப்பது போல இருந்தது. நான் பால்கனியில் காய்ந்த துணிகளை மூங்கில் கழியிலிருந்து உருவிக்கொண்டிருந்தேன். அத்தை அடுப்படியில் இருந்தாள். ஹாலில் காலித் தொட்டில்.

உள்ளங்காலுக்கு அடியில் யாரோ கையை நுழைத்து, மெதுவாகத் தூக்கி, மெதுவாக விட்டது போல இருந்தது. பசி மயக்கமோ என்று நினைத்தேன். துணியை அள்ளிக்கொண்டு திரும்பினேன்.

தொட்டில் ஆடிக்கொண்டிருந்தது.

துள்ளவில்லை, ஆடியது. இந்தச் சுவர் பக்கம் போய், நின்று, அந்தச் சுவர் பக்கம் வந்தது. ஸ்பிரிங்கில் சத்தமே இல்லை. அதற்கு அந்தப் பக்கம் அடுப்படி வாசலில் அத்தை நின்றாள். இந்தப் பக்கம் பால்கனி வாசலில் நான். நடுவில் அது போய்வந்துகொண்டிருந்தது. அத்தை என்னைப் பார்த்தாள். நான் அத்தையைப் பார்த்தேன். பிறகு அத்தை விரைந்து வந்து இரண்டு கையாலும் சேலையைப் பிடித்து நிறுத்தினாள். அந்த நேரம் பார்த்து வாசல் கதவு திறந்தது. தோளில் தம்பியோடு அம்மா.

"அண்ணி! என்ன செய்யறீங்க?"

"ஒன்னுமில்ல. காத்து."

"காத்துல ஸ்பிரிங் தொட்டில் ஆடுமா அண்ணி?"

அதற்குள் அம்மா அடுப்படித் தரையைப் பார்த்துவிட்டாள். வாளித் தண்ணீர் வழிந்து தரையெல்லாம் ஈரம். "தண்ணிய யாருடி கொட்டுனது?" என்று அந்தப் பழியும் என் தலையில் விழுந்தது. நான் வாளிப் பக்கமே போகவில்லை.

பக்கத்து வீட்டு சிலோன் ஆன்டி நெற்றியைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். "பிள்ளை, உங்களுக்கும் தலை சுத்தினதே? நான் குசினிக்க நிண்டனான். கப்பல்ல நிண்ட மாதிரிக் கிடந்தது" என்றார்.

"அதுக்கு பிரஷர்" என்று அவர் போனதும் அம்மா சொன்னாள். அவ்வளவுதான். அந்தப் பேச்சு அங்கேயே முடிந்தது. அன்று அந்த அம்மாளை உட்கார வைத்து இன்னும் இரண்டு கேள்வி கேட்டிருந்தால் எங்கள் வீட்டுக் கதை வேறு மாதிரி போயிருக்கும்.

சாயங்காலம் தம்பிக்கு உடம்பு கொதித்தது. பால் குடிக்க மறுத்து, காலை வயிற்றோடு மடக்கிக்கொண்டு அழுதான். ஊசி போட்ட பிள்ளைக்குக் காய்ச்சல் வரும் என்று இப்போது எல்லோருக்கும் தெரியும். அன்று கிளினிக்கில் சொன்னார்களோ, சொன்னது அம்மாவுக்கு விளங்கவில்லையோ, தெரியாது. அம்மாவின் கண் தொட்டில் மேலேயே இருந்தது. அத்தை நிறுத்தியவள்தான், ஆட்டியது நான் என்று முடிவு கட்டியிருக்க வேண்டும்; திடீரென்று எழுந்து கதவுக்குப் பின்னால் மாட்டியிருந்த ரோத்தான் பிரம்பை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"நீதானே வெறுந்தொட்டில ஆட்டின?"

"நான் இல்லம்மா! சத்தியமா இல்ல!"

"அப்ப யாரு? தொட்டில் தானா ஆடுமா? கைய நீட்டு!"

நான் நீட்டவில்லை. பிரம்பு மேலே போனது. அத்தை குறுக்கே வந்து நின்றாள்.

"அவள விடு. நான்தான் ஆட்டினேன்."

அம்மாவின் கை அப்படியே நின்றது. பிறகு அம்மா சத்தம் போடாமல்தான் பேசினாள். சத்தம் போட்டிருந்தால் பரவாயில்லை.

"பிள்ளையோட ஆட்ட நான் வேணாம்னா சொன்னேன்? வெறுந்தொட்டில ஆட்டிப் பாக்கறதுல என்ன ஆசை அண்ணி உங்களுக்கு? நமக்கு இல்லாதது அவளுக்கு எதுக்குன்னா?"

அப்பா வந்தார், கேட்டார், கை கழுவிச் சாப்பிட உட்கார்ந்தார். மறுநாள் காலை அத்தை தகரப் பெட்டியோடு கிளம்பினாள். தோட்டத்தில் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள் என்றாள். என் கன்னத்தை அழுத்திக் கிள்ளினாள். எனக்கு அவள்மேல் கோபம். இவள் ஆட்டிவிட்டு, நான் அடி வாங்கப் பார்த்தேனே என்ற கோபம். நான் என் கண்ணால் பார்த்தவள் இல்லையா? தொட்டில் ஆடியது, அந்தப் பக்கம் அவள் நின்றாள், அவளே ஒத்துக்கொண்டாள். இதற்கு மேல் என்ன வேண்டும்?

தம்பிக்கு இரண்டொரு நாளில் காய்ச்சல் விட்டது. இன்று செமினியில் பெரிய வீடு கட்டி, பேரப்பிள்ளைகளோடு இருக்கிறான். அவனுக்கு இதெல்லாம் தெரியாது.

அத்தை தோட்டத்தில் ஆயாக் கொட்டகையில் வேலைக்குச் சேர்ந்தாள். வேலைக்குப் போகும் பெண்கள் விடியும்போதே பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டுப் போகும் கொட்டகை. நீளக் கம்பில் வரிசையாகத் தொட்டில்கள். அவ்வளவையும் ஆட்டுவதுதான் அவள் வேலை. கல்யாணம், கருமாதி என்று எங்காவது பார்த்துக்கொள்வோம். "நல்லா இருக்கியா, சேட்டைக்காரி?" என்று கேட்பாள். என்னை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. நான் சின்ன வயதிலேயே அடக்கமானவள் என்று பெயர் எடுத்தவள். இவளுக்கு என்ன இப்படி ஒரு பேச்சு என்று ஒதுங்கிப் போவேன். என் பிள்ளைகளுக்கும் சொல்லி வைத்தேன்: அந்தப் பாட்டிக்குப் பிள்ளை ஏக்கம், பாவம், வெறுந்தொட்டிலை ஆட்டினவள்.

இப்போது கிள்ளானில் மகன் வீட்டில் இருக்கிறேன். இதுவும் உயரமான ஃப்ளாட்தான். அன்றொரு நாள் காலையில் மேசையில் உட்கார்ந்து பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். உள்ளங்காலுக்கு அடியில் யாரோ கையை நுழைத்தார்கள். மெதுவாகத் தூக்கினார்கள். மெதுவாக விட்டார்கள்.

இத்தனை வருஷம் கழித்தும் என் உடம்பு அதை அடையாளம் கண்டுகொண்டது. நிமிர்ந்து பார்த்தேன். மேலே விளக்கு இந்தச் சுவர் பக்கம் போய், நின்று, அந்தச் சுவர் பக்கம் வந்தது.

"மாமி, வாங்க கீழ போயிரலாம்! ஆடுது!" என்று மருமகள் என் கையைப் பிடித்து இழுத்தாள். படியெல்லாம் ஜனம். ஒருத்தர் மீன்தொட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். கீழே வாசலில் இருந்த காவல்கார அங்கிளுக்கு ஒன்றுமே தெரியவில்லை. "என்னா ஆன்டி, பேய் வந்துருச்சா?" என்று எங்களைப் பார்த்துச் சிரித்தார்.

கடலுக்கு அந்தப் பக்கம் சுமத்ராவில் நிலநடுக்கம் என்று எல்லோர் கைபேசியிலும் வந்தது. மேலே வந்த பிறகு மருமகளைப் பிடித்துக்கொண்டேன். அங்கே நடுங்கினால் இங்கே ஏன் ஆட வேண்டும்? அவள் காய்ச்சிய பால் சட்டியைக் காட்டினாள். "இந்த ஆடை மாதிரிதான் மாமி பூமியோட மேல்தோல். அதுவும் ஒரே துண்டு இல்ல, பல துண்டு. ஒன்னு இன்னொன்னுக்கு அடியில நுழையப் பாக்குது. சிக்கிக்கிட்டு நிக்கும். திடீர்னு வழுக்கும்." கரண்டியால் ஒரு ஓரத்தைத் தள்ளினாள். எதிர் ஓரத்தில் ஆடை சுருங்கி அசைந்தது. "தூரத்துலேருந்து வர வர வேகமான உதறல் செத்துரும். மெதுவான ஆட்டம் மட்டும் வந்து சேரும். உயரமான வீட்டுக்குத்தான் அது நல்லாத் தெரியும்."

"அந்தக் காலத்துலயும் ஆடியிருக்குமா?"

"எப்பவும் ஆடிக்கிட்டுத்தான் இருக்கு மாமி. அப்ப இங்க ஏது உயரமான வீடு? யாருக்குத் தெரிஞ்சிருக்கும்?"

"எங்களுக்கு இருந்துச்சு" என்றேன்.

அந்தப் பாலை அன்று நான் குடிக்கவில்லை. தொட்டில் பக்கவாட்டில் ஆடியது. வாளி தானாக வழிந்தது. சிலோன் ஆன்டி கப்பலில் நின்றார். சம்மட்டி ஓய்ந்திருந்தது. அப்படியானால் அத்தை ஆட்டவில்லை. ஆட்டாதவள் ஏன் ஆட்டினேன் என்றாள்? அது விளங்கத்தான் எனக்கு நாளாயிற்று. நான் பால்கனிப் பக்கம் நின்றதை அவள் பார்த்தாள். அவள் பக்கமிருந்து பார்த்தால், தொட்டில் ஆடியது, அந்தப் பக்கம் நான் நின்றேன். நான் அவளை நினைத்தேன். அவள் என்னை நினைத்திருக்கிறாள்.

மகனிடம் சொன்னேன். "இத்தன வருஷத்துக்கு அப்புறம் எப்படிம்மா உறுதியாச் சொல்ல முடியும்? பலமான காத்தாக்கூட இருக்கலாம்" என்றான். அதுவும் சரிதான் போல இருந்தது. காலையில் பூமி என்று தோன்றும். மத்தியானம் காற்று என்று தோன்றும். ஆனாலும் அவளிடம் சொல்லிவிட வேண்டும். அவளுக்குக் கொடுக்க வேண்டிய பொருள் ஒன்று கையில் இருப்பது போல இருந்தது. தொண்ணூறை நெருங்குகிறவளிடம் அதைப் பிறகு கொடுக்கலாம் என்று வைத்திருக்க முடியுமா?

ஜெஞ்சாரோமுக்கு மகன் காரில் கூட்டிப் போனான். ஆயாக் கொட்டகையில் அத்தை வளர்த்த பிள்ளை ஒருத்தி, இப்போது அவளே வயதான பெண், தன் வீட்டில் அத்தையை வைத்துப் பார்த்துக்கொள்கிறாள். கேட்டைத் திறந்தவள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு முகமெல்லாம் சிரித்தாள்.

"ஓ! நீங்கதானா அந்தத் தொட்டில் ஆட்டின பிள்ள!"

மகன் பக்கத்தில் நிற்கிறான். என் முகம் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அத்தை எல்லோருக்கும் சொல்லி வைத்திருக்கிறாள்: என் தம்பி மகள் சேட்டை செய்தாள், நான் பழியை ஏற்றுக்கொண்டேன் என்று. கொட்டகையில் வளர்ந்த பிள்ளைகளுக்கெல்லாம் நான் ஒரு கதை.

அத்தை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பாதியாகச் சுருங்கியிருந்தாள். கண் மட்டும் அதே கண்.

"வா சேட்டைக்காரி."

"அத்தை, அந்தத் தொட்டில நீங்க ஆட்டல. எனக்குத் தெரிஞ்சு போச்சு."

"நான் எங்கடி ஆட்டினேன்? நீ ஆட்டின."

"நானும் ஆட்டல."

அத்தை அந்தப் பெண்ணைப் பார்த்துச் சொன்னாள்: "கெழவி ஆயிட்டா. இன்னும் பொய் போகல பாரு."

எனக்குச் சுருக்கென்றது. மகன் முன்னே வந்தான். "இல்ல பாட்டி, அது நிலநடுக்கம். சுமத்ராவுல..."

"சுமத்ரா எங்க இருக்கு?"

"கடலுக்கு அந்தப் பக்கம்."

"அங்கேருந்து கைய நீட்டி, என் தம்பி வீட்டத் தேடிப் புடிச்சு, தொட்டில ஆட்டிட்டுப் போச்சா? ஏன், அதுக்குப் பிள்ளக்குட்டி இல்லியா?"

அந்தப் பெண் விழுந்து விழுந்து சிரித்தாள். நான் விடவில்லை. என்னைப் பொய்க்காரி என்றால் நான் விடுகிறவள் இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு ஒவ்வொன்றாகச் சொன்னேன். தொட்டில் துள்ளவில்லை, பக்கவாட்டில் ஆடியது என்றேன். வாளித் தண்ணீரைச் சொன்னேன். சிலோன் ஆன்டியைச் சொன்னேன். அத்தையின் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது.

"ஆமா. அந்த சிலோன்காரம்மா வந்துச்சு" என்றாள். "எனக்கும் அடுப்படில கால் என்னவோ மாதிரி இருந்துச்சு." சேலை நுனியை விரலால் திருகினாள். "அப்ப நீ ஆட்டல."

"இல்ல அத்தை."

"யாருமே ஆட்டல."

"யாருமே இல்ல."

நான் ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். அத்தை வாசல் பக்கம் பார்த்தாள். அங்கே ஒன்றும் இல்லை. வெயிலும் எங்கள் காரும்தான்.

"கொட்டகைல சில நாள் அழுகையா வரும்" என்றாள். "எல்லாப் பிள்ளையும் சாயங்காலம் ஆத்தாகூடப் போயிரும். அப்ப நெனச்சுக்குவேன், என் பிள்ள மேல ஒரு அடி விழாமப் பாத்துக்கிட்டேன்னு. அது போதும்னு எழுந்திருச்சு வேலயப் பாப்பேன்." என் பக்கம் திரும்பினாள். "நீ ஆட்டலன்னா, நான் எதுக்குடி வந்தேன்?"

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். இப்போது அவள் முகத்தில் சிரிப்பு இல்லை.

கொடுக்க வந்தேன் என்று சொன்னேனே. நான் அங்கே என்ன செய்துகொண்டிருந்தேன் என்று எனக்கே விளங்கவில்லை. பூமி ஆடியது மெய்தான் என்று அந்த நிமிஷம்கூட நினைத்தேன். வாய் வேறு ஒன்றைச் சொன்னது.

"நான்தான் ஆட்டினேன் அத்தை."

"அம்மா!" என்றான் மகன். அவனைக் கையால் அடக்கினேன்.

"ரோத்தானுக்குப் பயந்து பொய் சொன்னேன். இப்ப இவன் முன்னால வெக்கமா இருந்துச்சு. அதான் பூமி, சுமத்ரான்னு ஏதேதோ."

அத்தை கண்ணைச் சுருக்கி என்னை அளந்தாள். நம்பினாளா, எனக்காக நம்பியது போல இருந்தாளா, இன்றுவரை சொல்ல முடியவில்லை.

"எந்தக் கையால தள்ளின?"

"சோத்துக் கையால."

"எதுக்கு?"

"தெரியல அத்தை. சும்மா."

அப்படிச் சொன்னபோது என் உள்ளங்கையில் சேலைத்துணி உரசியது போலக்கூட இருந்தது. அது எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாது.

"எழுந்திரு" என்றாள் அத்தை. "காதப் புடி."

நான் மூன்று மருமக்களுக்கு மாமியார். என் முன்னால் சம்பந்திகள்கூடக் குரலை உயர்த்திப் பேச மாட்டார்கள். மகன் வாயைப் பொத்திக்கொண்டு சுவரைப் பார்த்தான். கேட்டுக்கு வெளியே பக்கத்து வீட்டுக்காரர்கள் வேறு எட்டிப் பார்த்தார்கள். முழங்கால் வலியோடு எழுந்து, கைகளை மாற்றிப் போட்டு, இரண்டு காதையும் பிடித்துக்கொண்டு அந்தப் பிளாஸ்டிக் நாற்காலிக்கு முன்னால் நின்றேன்.

"இனிமே ஆட்டுவியா?"

"ஆட்டமாட்டேன் அத்தை."